கான் தண்ணீரோடு போகிற பசளை

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட மாதிரி ஒருதரம் சொல்லிவிடுகிறேன். வெலிமடைப் பக்கம் பள்ளக்காணி, அரை ஏக்கர். பெரும்போகத்துக்கு நெல், சிறுபோகத்துக்கு உருளைக்கிழங்கு. கிழங்கு அழுகாமல் இருக்க இரண்டடி ஆழத்துக்குக் கான், அதாவது வடிகால் வெட்டி, ஓடை வரைக்கும் நேராக இழுத்து விட்டிருக்கிறீர்கள். ஒரு சின்ன லொறி கோழி எருவும் இரண்டு மூட்டை யூரியாவும் போட்டும், ஒரு கிழமை மழை அடித்தால் இலை மஞ்சளாகிவிடுகிறது. கீழே தோட்ட லயத்து ஆட்கள் தண்ணீர் பிடிக்கும் ஊற்றுப் பீலியில் யாரோ சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, பசளையின் நைதரசன் தண்ணீரில் கரைந்து போகிற வடிவமான "நைத்திரேற்று கூடிவிட்டது" என்று சொல்லப்போக, பழி மேலே பயிர் செய்கிற உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. கான் முனையில் குழி வெட்டி மரத்தூள் நிரப்பினால் எல்லாம் சரி என்று ஒருவர் சொன்னாராம். அது உண்மையா?

கால்வாசி உண்மை. மிச்சத்தைச் சொல்வதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். பயிருக்கு நைதரசன் போதவில்லை என்று நினைத்துத்தான் எல்லோரும் இன்னொரு மூட்டை அவிழ்க்கிறோம். உங்கள் காணியில் போதாமை இல்லை.

2 தொன் கோழி எரு என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த எருவில் நைதரசன் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு. ஆக 40 முதல் 60 கிலோ. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன், 100 கிலோவுக்கு 46. கூட்டினால் 90, 100 கிலோ நைதரசன் அந்த அரை ஏக்கருக்குள் போயிருக்கிறது. விளைச்சல் நன்றாக வந்து 4 தொன் கிழங்கு எடுத்தீர்கள் என்றால், கிழங்கோடு காணியை விட்டுப் போவது தொன்னுக்கு மூன்றரைக் கிலோ அளவில் மொத்தம் 14 கிலோ. செடியின் தண்டும் இலையும் இன்னும் கொஞ்சம் வைத்திருக்கும். அது மண்ணிலேயே மக்கும். எருவில் உள்ளது எல்லாம் ஒரே போகத்தில் வெளியே வராது, பாதிதான் வரும் என்று பிடித்தாலும், செடி எடுத்ததற்கும் நீங்கள் போட்டதற்கும் இடையில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டையின் ஒரு வாசல் உங்கள் கான்.

போட்ட யூரியாவுக்கு என்ன நடக்கிறது? மண்ணில் உள்ள யூரியேஸ் என்ற நொதியம் அதைச் சில நாட்களில் அமோனியமாக்கிவிடும். அமோனியத்துக்கு நேர் ஏற்றம், களிமண்ணுக்கும் மக்கிய பொருளுக்கும் எதிர் ஏற்றம். ஆகவே மண் அதைப் பிடித்து வைக்கும். பிறகு காற்றுள்ள மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றும். நம் குளிரில் இதற்கு இரண்டு, மூன்று கிழமை ஆகலாம், புளிப்பு மண்ணில் இன்னும் மெதுவாக. நைத்திரேற்று எதிர் ஏற்றம் கொண்டது. மண்ணுக்குப் பிடி கிடைக்காது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும்.

இதனால் ஒரு விசித்திரம் உண்டு. பசளை போட்ட மறுநாள் மழை வந்தால் மனம் பதறுகிறோம். பதறுவதில் நியாயம் இருக்கிறது, அமோனியமாகாத யூரியாவை மண் பிடிக்காது, கொட்டும் மழை அதை அப்படியே இழுத்துப்போகும். தூறல் என்றால் நல்லது, மண்ணுக்குள் இறக்கிவிடும். ஆனால் மூன்றாம் கிழமை வருகிற மழைக்கு யாரும் பதறுவதில்லை. அப்போது போட்டதில் பெரும்பகுதி நைத்திரேற்றாக நிற்கிறது. கலங்கல் இல்லாமல், நுரை இல்லாமல், கண்ணாடி போன்ற தண்ணீரில் கரைந்து கானுக்குள் இறங்குகிறது. மேல்மண் அரித்துப் போனால் சிவப்புத் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். இதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

எவ்வளவு போகும்? நீங்களே கணக்கிடலாம். சித்திரை, வைகாசி மழையும் ஒக்டோபர், நவம்பர் மழையும் சேர்ந்து 400 மில்லிமீற்றர் தண்ணீர் உங்கள் மண்ணூடாக வடிந்து கானுக்கு வருகிறது என்று வைப்போம். அரை ஏக்கருக்கு அது 800 கன மீற்றர். கான் தண்ணீரில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் நைத்திரேற்று இருந்தால், 18 கிலோ நைதரசன். யூரியாவில் சொன்னால் 39 கிலோ. கிழங்கு எடுத்ததைவிடக் கான் எடுத்தது கூட. 2021 மே மாதம் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து, அதற்குப் பிறகு யூரியா மூட்டை கைக்கு எட்டாத விலைக்குப் போன நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் இந்தக் கணக்கை யாராவது கையில் கொடுத்திருந்தால் கானுக்குப் பூட்டுப் போட்டிருப்போம்.

சோதனைத் தாளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில தாள்கள் நைத்திரேற்று என்ற முழு எடையைக் காட்டும். சில, அதில் உள்ள நைதரசனை மட்டும் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் 4.43 மடங்கு. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதையே நைதரசனாகச் சொன்னால் 11.3. ஆகவே தாளில் "20" என்று வந்தால் அது பயமில்லாத 20-ஆ, எல்லையைத் தாண்டிய 20-ஆ என்பதைப் பெட்டியில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டுத்தான் சொல்ல முடியும். பீலிக்கரையில் சண்டை வருவதற்கு முன் இதைப் பாருங்கள்.

எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறது என்றால், பீலித் தண்ணீர் எடுக்கும் வீடுகளில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க அந்தத் தண்ணீரைப் பாவிக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். நைத்திரேற்று குழந்தையின் உடம்பில் நைத்திரைற்றாகி, இரத்தம் ஒட்சிசன் சுமப்பதைக் கெடுக்கும். குழந்தை நீலம் பாரிப்பது அதனால்தான். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. இங்கே எல்லோரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு: கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைய, அது இன்னும் செறியும். கோழி எரு கழுவி வருகிற இடத்தில் கிருமியும் இருக்கும். அதற்குக் கொதிக்கவைக்கத்தான் வேண்டும். இரண்டும் வேறு வேறு வியாதி, வேறு வேறு வைத்தியம். "நாங்கள் சேதனப் பசளைதான் போடுகிறோம், அதனால் தண்ணீர் கெடாது" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். கோழி எருவிலிருந்து பிறக்கும் நைத்திரேற்றும் மூட்டையிலிருந்து பிறக்கும் நைத்திரேற்றும் ஒன்றேதான்.

இனி மரத்தூள் குழிக்கு வருகிறேன். அதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் நல்ல விஷயம்.

ஒட்சிசன் தீர்ந்துபோன ஈர மண்ணில் சில பற்றீரியாக்கள் மூச்சுவிட ஒட்சிசனுக்குப் பதிலாக நைத்திரேற்றைப் பயன்படுத்தும். படிப்படியாக அதை உடைக்கும்: நைத்திரைற்று, பிறகு நைத்திரிக் ஒட்சைட்டு, பிறகு நைதரசு ஒட்சைட்டு, கடைசியில் வெறும் நைதரசன் வாயு. நாம் சுவாசிக்கிற காற்றில் ஐந்தில் நான்கு பங்கு இருக்கிற அதே வாயு. பாடசாலையில் நைதரசனிறக்கம் என்று படித்திருப்பீர்கள். இது நடக்க மூன்று வேண்டும்: நைத்திரேற்று, ஒட்சிசன் இல்லாமை, தின்னக் காபன். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேலை நின்றுவிடும். ஆழத்துச் செம்மண்ணில் காபன் குறைவு, அதனால் அங்கே நைத்திரேற்று உடையாமல் ஊற்று வரைக்கும் போகிறது. பள்ளத்துக் கறுப்பு மண்ணில் மூன்றும் உண்டு. மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். சாம்பல் நிறமும் துருப் புள்ளிகளும் கண்டால், வருடத்தில் சில மாதம் அந்த இடம் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். கான் ஓரத்தில் எண்ணெய் படர்ந்தாற்போல் மினுங்கும் துருப் படலத்துக்கும் காரணம் அதுவே. ஒட்சிசன் இல்லாத மண்ணில் கரைந்த இரும்பு காற்றைக் கண்டதும் துருவாகிறது.

இந்தப் பற்றீரியா உங்கள் பாத்திக்குள் வேலை செய்தால் உங்களுக்கு நட்டம், கான் முனையில் செய்தால் பீலிக்காரருக்கு லாபம். ஒரே பிராணி, இடம்தான் வேறு. நைத்திரேற்றைக் குறைப்பது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எங்கே என்று கேட்கவேண்டும்.

மரச் சீவல் குழி அமெரிக்காவின் அயோவா போன்ற இடங்களில் செய்வது. அங்கே சமவெளி வயல்களுக்கு அடியில் துளைக் குழாய் பதித்துத் தண்ணீரை வடிக்கிறார்கள். அந்த நைத்திரேற்று ஆறு ஆறாகச் சேர்ந்து மிசிசிப்பி வழியாக மெக்சிக்கோ வளைகுடாவுக்குப் போய், கடலில் ஒட்சிசன் இல்லாத வலயத்தை உண்டாக்குகிறது. அயோவாவின் டி மொயின் நகரின் குடிநீர் நிறுவனம் மேலே உள்ள மூன்று மாவட்டங்களின் வடிகால் சபைகள் மீது 2015-இல் வழக்கே போட்டது. 2017-இல் வழக்கு தள்ளுபடியானது. உங்கள் பீலிக்கரைச் சண்டைதான், அளவு பெரிது. அங்கே குழாய் முடிவில் குழி வெட்டி மரச் சீவல் நிரப்பி, தண்ணீரை அதனூடாக விடுகிறார்கள். சீவல்தான் காபன். சரியாகச் செய்தால் பத்து, பதினைந்து வருடம் தாங்கும்.

உங்கள் இடத்தில் எவ்வளவு வேலை செய்யும்? ஒரு கன மீற்றர் சீவல் நாளொன்றுக்குச் சில கிராம் நைதரசனைத்தான் தின்னும். நம் குளிருக்கு 4 கிராம் என்று பிடிப்போம். 16 அடி நீளம், ஆறரை அடி அகலம், 3 அடிக்குச் சற்றுக் கூடிய ஆழம்: 10 கன மீற்றர் குழி. அது நாளுக்கு 40 கிராம் தின்னும். இப்போது கான் வாயில் 10 லீற்றர் வாளியைப் பிடியுங்கள். நிரம்ப 8 நிமிடம் எடுத்தால், நாளுக்கு 1.8 கன மீற்றர் தண்ணீர். முன்பு சொன்ன 100 மில்லிகிராம் தண்ணீர் என்றால் அதில் ஏறக்குறைய 40 கிராம் நைதரசன். குழி சமாளித்துவிடும். மழை நாளில் அதே வாளி 50 செக்கனில் நிரம்பினால்? நாளுக்கு 390 கிராம். குழி பத்தில் ஒன்றைத் தின்னும், ஒன்பது பங்கு ஓடைக்கு. கொட்டும் மழையில் அந்தப் பத்தில் ஒன்றும் இல்லை, தண்ணீர் குழிக்கு மேலால் பாயும். நட்டத்தில் பெரும்பங்கு மழை நாட்களில்தான் என்பதை மறக்கவேண்டாம். கால்வாசி உண்மை என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று, தூள் போடவேண்டாம், சீவல் போடுங்கள். நான் ஒருமுறை மர ஆலையில் சும்மா கிடைக்கிறது என்று தூளை அள்ளிப் போட்டு, ஒரே மழைக்காலத்தில் அது களியாகி அடைத்துக்கொண்டு, தண்ணீர் பின்னால் ஏறி இரண்டு பாத்தி லீக்ஸ் அழுகியது. விரல் அளவுத் துண்டுகள் வேண்டும், இலை கலக்கக் கூடாது. முதல் சில கிழமை குழியிலிருந்து தேயிலைச் சாயம் போலத் தண்ணீர் வரும், ஒட்சிசனும் இருக்காது. அதை நேரே பீலிக்கு விட்டால் இன்னொரு சண்டை.

பணம் செலவில்லாமல் இதைவிடக் கூடப் பயன் தருவது கான் வெட்டிய விதத்தை மாற்றுவது. நம் ஆட்களுக்குத் தோட்டத்தில் பழகிய கை. தேயிலை மலையில் கான் வெட்டும்போது சரிவுக்குக் குறுக்கே, மெல்லிய சாய்வில் வெட்டி, உள்ளே இடைக்கிடை மண் தடுப்பு விட்டுவைப்பார்கள். தண்ணீர் நின்று, வண்டலை விட்டுவிட்டு மெல்லப் போகும். அதே ஆட்கள் சொந்த மரக்கறிக் காணிக்கு வந்தால் மேலிருந்து கீழே நேர்கோடாக இழுத்துவிடுகிறார்கள். 20 வருடம் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன் என்ற முறையில் இதைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

பள்ளக்காணி ஏறக்குறைய மட்டம் என்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கான் வாயில் இரண்டு முளை அடித்து, இடையில் பலகை செருகிவிட்டால் தண்ணீர் மட்டத்தை ஏற்றவும் இறக்கவும் முடியும். கிழங்கு நிற்கும்போது பலகையை எடுத்துவிடுங்கள். கிழங்கு எடுத்து, காணி வெறுமையாகக் கிடக்கும் நாட்களில் பலகையைப் போட்டு மட்டத்தை உயர்த்துங்கள். வடியும் தண்ணீர் குறையும், அதோடு போவதும் குறையும். மிச்ச நைத்திரேற்றில் ஒரு பகுதி அடிமண்ணிலேயே வாயுவாகும். சரிவான காணிக்கு இது சரிவராது, கீழ்ப் பாத்தி மட்டும் மூழ்கும். கான் தண்ணீரை மறுபடி இறைத்துப் பாய்ச்சிப் பசளையை மீட்கலாமே என்று யோசிப்பீர்கள். கணக்கில் சரி. ஆனால் ஒரு செடியில் பற்றீரிய வாடல் இருந்தால் அந்தத் தண்ணீர் காணி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். உருளைக்கிழங்குக்கு நான் அதைச் செய்யமாட்டேன்.

உங்கள் வருடத்தில் பெரிய நட்டம் எங்கே என்று என்னைக் கேட்டால், கிழங்கு எடுப்பதற்கும் நாற்று நடுவதற்கும் இடைப்பட்ட காலம் என்பேன். மண்ணைக் கிளறிக் கிழங்கு எடுத்தாயிற்று. மக்கும் செடியும் மிச்ச எருவும் நைத்திரேற்றை விட்டுக்கொண்டே இருக்கின்றன. எடுக்க வேர் இல்லை. ஒக்டோபர் மழை வருகிறது, ஒரு பங்கு கானுக்குப் போகிறது. பிறகு வயலுக்குத் தண்ணீர் கட்டிச் சேறு அடிக்கிறீர்கள். நின்ற மிச்சமும் சில நாட்களில் வாயுவாகிவிடுகிறது. நெல்லுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, திரும்பவும் மூட்டை. இந்த இடைவெளியில் கடுகோ முள்ளங்கியோ விதைத்து, தண்ணீர் கட்டும்போது உழுது மடியுங்கள். விதைக்க வசதியில்லையா, புல்லை விடுங்கள். காணி சுத்தமாகத் தெரியவேண்டும் என்று புல் முளைத்த மறுநாளே கொத்துகிற பழக்கம் நமக்குத் தோட்டத்தில் ஊறியது. வெறும் மண்ணைவிட நாலு கிழமைப் புல் மேல், அது நைத்திரேற்றை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். பூக்கும் முன் மடித்தால் போதும்.

நெல்லுக்கு யூரியா போடும்போது தண்ணீரை வடித்து, சேற்றோடு கலந்துவிட்டு, பிறகு தண்ணீர் கட்டுங்கள். சேற்றுக்குள் ஒட்சிசன் இல்லை, அமோனியம் அமோனியமாகவே நிற்கும். தண்ணீர் மேல் வீசினால் ஒரு பங்கு அமோனியா வாயுவாகவே பறந்துவிடும். அடிக்கடி காயவிட்டு மறுபடி நிரப்புவதும் நைதரசனுக்கு நட்டம்: காயும்போது நைத்திரேற்று உண்டாகிறது, நிரப்பும்போது உடைகிறது.

சுண்ணாம்பு, டொலமைற்று பற்றிச் சுருக்கமாக: போடலாம், அளவாக. புளிப்புக் குறைந்தால் நைத்திரேற்று உண்டாவது வேகமாகும் என்பது உண்மை. ஆனால் மண் மிகவும் புளித்தால் நைதரசனிறக்கம் கடைசிப் படிக்குப் போகாமல் நைதரசு ஒட்சைட்டில் நின்றுவிடும். நூறு வருடக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு வெப்பம் பிடிக்கும் பச்சைவீட்டு வாயு. பசளை அளவு மீறினால் புளிப்பும் கூடும்: ஜப்பானின் ஷிசுவோக்கா தேயிலைப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் ஹெக்டெயருக்கு 1000 கிலோவுக்கு மேல் நைதரசன் போட்டு, சுற்றியுள்ள நீர்நிலைகளில் நைத்திரேற்று ஏறி, தண்ணீரே புளித்துப்போனது. பிறகுதான் அளவைக் குறைத்தார்கள்.

இலை மஞ்சளானதற்கு வருவோம். கீழ் இலை, முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் நைதரசன் குறை. குருத்து மஞ்சளானால் வேறு காரணம். கீழ் இலை மஞ்சளாகி, பாத்தியும் ஈரமாகவே நின்றால் யூரியா அள்ளி வீசாதீர்கள். மூச்சுத் திணறும் வேர் எதையும் எடுக்காது, போட்டதும் வாயுவாகும். இரண்டு, மூன்று நாள் வடியவிட்டு, கொஞ்சமாகப் போடுங்கள். எரு போடுகிற போகத்தில் யூரியாவைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் இரண்டு தவணையாக, மண் அணைக்கும்போது பிரித்துக் கொடுங்கள். சரியான அளவை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனையோடு கேட்டு முடிவு செய்யுங்கள். எருக் கணக்கை மறைக்காமல் சொல்லிக் கேட்கவேண்டும். பலர் யூரியாவை மட்டும் சொல்லிவிட்டு எருவை விட்டுவிடுகிறார்கள்.

ஓடைக்கரை பற்றிச் சொல்லவேண்டும், முக்கியமானது அதுதான். கரையோரத்தில் சேம்பும் தண்ணிப்புல்லும் மண்டிய சதுப்புத் துண்டு ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதையும் நிரப்பி ஒரு பாத்தி கூட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொடவேண்டாம். நீங்கள் காசு கொடுத்துச் செய்ய நினைத்த மரத்தூள் குழி அதுதான், ஏற்கனவே அங்கே இருக்கிறது. ஈரம் இருக்கிறது, அழுகும் புல்லின் காபன் இருக்கிறது, பற்றீரியா இருக்கிறது. வராதது நைத்திரேற்று மட்டும். ஏனென்றால் உங்கள் கான் அந்தத் துண்டை ஊடறுத்து நேரே ஓடைக்குள் விழுகிறது. தண்ணீர் சதுப்பைத் தொடாமலே தாண்டிப் போகிறது. கானைச் சதுப்புக்கு 10 அடி முன்னாலேயே நிறுத்துங்கள். அங்கிருந்து குறுக்கே, மட்டமாக ஒரு ஆழமில்லாத கான் வெட்டி, அதன் கீழ்க்கரை முழுவதிலும் தண்ணீர் வழிந்து புல்லுக்குள் பரவ விடுங்கள். அரை ஏக்கருக்கு 4 பர்ச்சஸ், அதாவது ஏறக்குறைய 100 சதுர மீற்றர் சதுப்பு இருந்தால் நல்ல அளவு. மெல்லிய ஓட்டத்தை முழுதாகவும், நடுத்தர மழையில் ஒரு பங்கையும் அது பிடிக்கும். பெருமழையில் எதுவும் பிடிக்காது, அதற்குக் காணியில் பசளையைக் குறைப்பது ஒன்றே வழி.

பழைய கான் வாயைக் கல்லும் களிமண்ணும் போட்டு இறுக்கி மூடவேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பழைய தடத்தைத் தேடிப்போகும். மண் இறுகி, புல் பிடிக்க ஒரு மாதமாவது வேண்டும். ஆகவே கிழங்கு எடுத்த கையோடு, செப்டெம்பரிலேயே செய்துவிடுங்கள். மூடுவதற்கு முன் கான் வாயிலும் பீலியிலும் ஒரே நாளில் தாள் நனைத்து, வாளி நிரம்பும் நேரத்தோடு எழுதி வையுங்கள். பீலிக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போய் அவர் கையாலேயே நனைக்கச் சொன்னால் இன்னும் நல்லது.